குறை எதுவும் இல்லை, ஆனால் பிடிக்கவில்லை

வீட்டில் சும்மா கிடக்கும் அறையை வாடகைக்கு விட்டவர்கள் அனுபவத்தை எழுதி அனுப்புங்கள் என்று கேட்டிருந்தேன். வாடகை பாக்கி, கரண்ட் பில் சண்டை, அட்வான்ஸ் தகராறு என்று வந்து குவியும் என்று நினைத்தேன். வந்ததில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்தான்: ஆள் நல்ல ஆள், ஆனால் எனக்குப் பிடிக்கவில்லை. முதல் கடிதம் நீளம், வெட்ட மனசு வரவில்லை.

கேள்வி: எனக்கு 58 வயது. மகன் வேலைக்காக வெளியூர் போன பிறகு அவன் அறை இரண்டு வருஷம் பூட்டியே கிடந்தது. இப்போது ஐந்து மாதமாக ஒரு பெண் வாடகைக்கு இருக்கிறாள். மாசம் பிறந்து மூன்றாம் தேதிக்குள் பணம் வந்துவிடும். அறையைத் துடைத்துச் சுத்தமாக வைத்திருக்கிறாள். யாரையும் கூட்டிக்கொண்டு வருவதில்லை. ஆனால் எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. ஏன் என்று கேட்டால் வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஃபிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு எதை எடுக்கலாம் என்று யோசிப்பாள், அது பீப் பீப் என்று கத்தும்வரை யோசிப்பாள். ஸ்பூனைக் கழுவுவாள், ஆனால் எடுத்த இடத்தில் வைக்காமல் சிங்க் ஓரத்தில் ஈரத்தோடு நீட்டிவிட்டுப் போவாள். நான் என்ன சொன்னாலும் "ஆக்சுவலி ஆன்ட்டி" என்று திருத்துவாள். கதவைச் சாத்துவதே இல்லை, விட்டுவிடுவாள், அது தானாகப் போய் அறையும். இப்போதெல்லாம் காலையில் அவள் கிளம்பிப் போகும் சத்தம் கேட்கும்வரை நான் என் அறையை விட்டு வெளியே வருவதில்லை. போன வாரம் தாகத்தோடு அரை மணி நேரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். அந்த வாடகை எனக்குத் தேவை. மகன் திரும்பி வருகிறான் என்று ஒரு பொய்யைச் சொல்லிக் காலி பண்ணச் சொல்லலாமா? ஒரு தப்பும் செய்யாத பெண்ணை அனுப்பினால் பாவம் இல்லையா? எழுத்தில் எதுவும் போட்டுக்கொள்ளவில்லை, எல்லாம் வாய்ப்பேச்சுதான்.
(பெயர் வேண்டாம் என்றவர்)

பதில்: பாவம் இல்லை. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மீதியைப் படிக்கும்போதெல்லாம் அந்த நினைப்பே குறுக்கே வந்துகொண்டிருக்கும். நீங்கள் வாடகைக்கு விட்டது தெருக்கோடியில் இருக்கும் ஒரு கடையை இல்லை. நீங்கள் தலை வாராமல் நடமாடும் இடத்தில், தூக்கக் கலக்கத்தோடு தண்ணீர் குடிக்க வரும் இடத்தில் ஒருவரைக் கொண்டுவந்து வைத்திருக்கிறீர்கள். ஒத்துப்போகவில்லை என்றால் முடித்துக்கொள்ள உங்களுக்கு முழு உரிமை உண்டு, முறையாகச் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் உடனே அனுப்புங்கள் என்று சொல்ல மாட்டேன். உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னை நிறுத்தியது, அந்தத் தாகத்தோடு அரை மணி நேரம். அந்தப் பெண் உங்களை அறைக்குள் போகச் சொல்லவில்லையே. ஸ்பூன் எரிச்சலைத் தரும், சரி, ஆனால் ஸ்பூன் யாரையும் கட்டிலில் உட்கார வைக்காது. இது எப்போது முடியும் என்று தெரியாததும், முடித்துவைக்கும் வழி உங்கள் கையில் இல்லாததும்தான் உங்களை உட்கார வைத்திருக்கிறது.

அமெரிக்காவில் டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் என்று இரண்டு உளவியலாளர்கள் சத்தத்தை வைத்துச் செய்த சோதனைகளை 1972-இல் வெளியிட்டார்கள். ஆட்களை உட்கார வைத்து, எப்போது வரும் என்று தெரியாத பெரிய சத்தத்தைக் கேட்க வைத்தார்கள். ஒரு பகுதியினரிடம் மட்டும் ஒரு பட்டனைக் காட்டி, தாங்க முடியவில்லை என்றால் இதை அழுத்துங்கள், சத்தம் நின்றுவிடும், ஆனால் அழுத்தாமல் இருந்தால் நல்லது என்றார்கள். பெரும்பாலும் யாரும் அழுத்தவே இல்லை. இரண்டு தரப்பும் கேட்டது ஒரே சத்தம். அப்புறம் கொடுத்த வேலையில் மட்டும் வித்தியாசம் தெரிந்தது: பட்டன் இருந்தவர்கள் எழுத்துப்பிழைகளைக் கூடுதலாகப் பிடித்தார்கள், கஷ்டமான புதிர்களைச் சீக்கிரம் கைவிடாமல் உட்கார்ந்து போட்டுப் பார்த்தார்கள். அழுத்தாத பட்டன் செய்த வேலை அது.

உங்களுக்கு அந்தப் பட்டன் இல்லை. வாய்ப்பேச்சில் வந்தவளை எந்த வார்த்தையில், எத்தனை நாளில் அனுப்புவது என்று தெரியாததால்தான் மகன் வருகிறான் என்று கதை கட்டத் தோன்றுகிறது. ஆகவே முதல் வேலை, இந்த வாரமே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஐந்து மாதம் கழித்து என்ன திடீரென்று என்று அவள் கேட்டால், "ஆரம்பத்திலேயே எழுதியிருக்கணும், விட்டுப்போச்சு, ரெண்டு பேருக்கும் நல்லதுதானே" என்று சொல்லுங்கள், அது உண்மையும்கூட. அதில் வாடகை எவ்வளவு, எந்தத் தேதி, அட்வான்ஸ் எவ்வளவு, எதற்காக அதிலிருந்து கழிக்கலாம், கரண்ட் பில்லில் பங்கு, விருந்தாளி தங்கலாமா என்பதெல்லாம் இருக்கட்டும். இதையெல்லாம்விட முக்கியம், எந்தப் பக்கமிருந்தும் காரணம் சொல்லாமல் முடித்துக்கொள்ளலாம், அதற்கு இத்தனை நாள் முன்னால் எழுத்தில் சொல்ல வேண்டும் என்ற ஒரு வரி. அந்த வரிதான் உங்கள் பட்டன். கையோடு அறையையும் கட்டிலையும் அலமாரியையும் தேதியோடு போட்டோ எடுத்து அவளுக்கும் ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள், போகும்போது சுவரில் இருக்கும் கீறல் யாருடையது என்ற வழக்கு வராது.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. வீட்டுக்காரரோடு ஒரே சமையலறை, ஒரே குளியலறை என்று இருப்பவரையும், தனிக் கதவு தனிப் பூட்டு என்று முழு வீட்டை எடுத்திருப்பவரையும் பல நாடுகளின் சட்டம் ஒன்றாகப் பார்ப்பதில்லை. ஒரு பகுதியைத் தன் முழுக் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவருக்குப் பாதுகாப்பு அதிகம், உங்களோடு கூட இருப்பவருக்குப் பொதுவாகக் குறைவு. எத்தனை நாள் நோட்டீஸ் என்பது இடத்துக்கு இடம் மாறும், எழுதுவதற்கு முன் உங்கள் ஊர் வக்கீல் ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், அரை மணி நேர வேலை. ஆனால் அந்தப் பெண் வெளியே போயிருக்கும்போது பூட்டை மாற்றுவது, சாமானைத் தூக்கி வெளியே வைப்பது, தண்ணீரையும் கரண்டையும் நிறுத்துவது, இதெல்லாம் வேண்டவே வேண்டாம். நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் அன்றோடு குற்றவாளி நீங்களாகிவிடுவீர்கள்.

இனி அந்தப் பட்டியலுக்கு வருவோம். நீங்கள் எழுதிய நான்கில் இரண்டு சொன்னால் தீரக்கூடியவை, சொன்னீர்களா? ஸ்பூன் பற்றி ஒரு தடவையாவது வாயைத் திறந்தீர்களா? சொல்லாமலே புரிந்துகொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்க அவள் உங்கள் வீட்டில் வளர்ந்தவள் இல்லை, வேறு ஒரு சிங்க் ஓரத்தில் வேறு ஒரு அம்மாவிடம் பழகியவள். "ஸ்பூனைத் துடைச்சு டிராயர்ல போட்டுடும்மா" என்று சொல்ல மூன்று வினாடி ஆகும். கதவுக்கு அதுகூடத் தேவையில்லை. கதவு அறையும் சத்தம் காற்றில் மட்டும் வருவதில்லை, நிலை வழியாகச் சுவருக்குப் போய் சுவரே அதிர்ந்து உங்கள் தலைமாட்டில் வந்து விழுகிறது, அதனால்தான் அவ்வளவு பெரிதாகக் கேட்கிறது. நிலையில் கதவு வந்து மோதும் இடத்தில் மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்று என்று ஒட்டும் ஃபெல்ட் துண்டுகளை ஒட்டிவிடுங்கள். நாற்காலிக் காலுக்கு ஒட்டுவார்களே, அதுதான். யாரையும் திருத்தாமல் ஒரு சண்டை தீர்ந்துவிடும்.

"ஆக்சுவலி ஆன்ட்டி" மட்டும் தீராது. அது குணம். அதற்கு மருந்து கிடையாது, தூரம்தான். ஒரு சோதனை சொல்கிறேன்: இதையே உங்களுக்குப் பிடித்த அக்கா மகள் செய்திருந்தால் சிரித்திருப்பீர்களா? சிரித்திருப்பீர்கள் என்றால் பிரச்சினை ஃபிரிட்ஜில் இல்லை. அப்போது இன்னொன்றையும் நேர்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். அவள் செய்வது பிடிக்கவில்லையா, இல்லை அவள் பேசும் விதம், வந்த இடம், உடுத்துவது பிடிக்கவில்லையா? இரண்டாவது என்றால் ஆளை மாற்றி ஒன்றும் ஆகப்போவதில்லை, அடுத்து வருபவரிடமும் வேறொன்று கிடைக்கும். மூன்றாவதாக ஒரு காரணமும் இருக்கலாம், நீங்களே அதை முதல் வரிகளில் எழுதிவிட்டீர்கள். அது உங்கள் மகனின் அறை. அவன் மேசையில் வேறு யார் கைப்பை இருந்தாலும் கண்ணில் குத்தத்தான் செய்யும்.

பொய் பற்றி, என் கதையைச் சொல்கிறேன், சிரிக்காதீர்கள். பல வருஷத்துக்கு முன் நான் ஒருவருக்கு அறை கொடுத்திருந்தேன். தங்கமான மனுஷன். காலையில் பல் விளக்கும்போது தொண்டையைக் காறுவார், எண்ணி ஏழு முறை, நான் எண்ணியிருக்கிறேன். ஆறாவது முடிந்ததும் ஏழாவதுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பேன், அது வரும்வரை தினசரியில் ஒரு வரி ஓடாது. கடைசியில் தைரியமில்லாமல், தங்கை நிரந்தரமாக எங்களோடு இருக்க வருகிறாள், அறை வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அவர் உடனே சரி என்றார். அதோடு விட்டாரா? ஞாயிற்றுக்கிழமை சுண்ணாம்பு வாளியோடு வந்து, தங்கச்சி வரும்போது அறை பளிச்சென்று இருக்க வேண்டாமா சார் என்று நான்கு சுவருக்கும் அடித்துக்கொடுத்தார், கூலி வாங்கவில்லை. அதற்கப்புறம் இரண்டு வருஷம் எங்கே பார்த்தாலும் "தங்கச்சி சௌக்கியமா?" என்பார். சௌக்கியம் என்பேன். எனக்குத் தங்கையே கிடையாது.

உங்கள் பொய்க்கு ஆயுள் இதைவிடக் குறைவு. மகன் வராதது ஒரே மாதத்தில் தெரிந்துவிடும், அறை காலி என்ற விளம்பரத்தை அவளே பார்ப்பாள்.

ஆகவே தாளை எழுதுங்கள், ஸ்பூனைச் சொல்லுங்கள், ஃபெல்ட்டை ஒட்டுங்கள், ஆறு வாரம் பாருங்கள். முக்கியமாக, காலையில் அவள் இருக்கும்போதே வெளியே வந்து தண்ணீர் குடியுங்கள். ஆறு வாரம் கழித்தும் வயிற்றில் அதே முடிச்சு விழுந்தால் அழைத்து உட்கார வைத்து, பகலில், சண்டை எதுவும் நடக்காத ஒரு நாளில் சொல்லுங்கள்: "இந்த ஏற்பாட்டை முடிச்சுக்கலாம்னு இருக்கேன். இன்ன தேதி வரைக்கும் டைம் இருக்கு. அட்வான்ஸை அன்னைக்கே கையில குடுத்துடறேன்." ஏன் என்று கேட்பாள். "வீட்டை மறுபடி எனக்கே வெச்சுக்கணும்னு தோணுது" என்றால் போதும், அது பொய்யில்லை. ஸ்பூன் வரலாற்றை மட்டும் அன்றைக்கு எடுக்காதீர்கள். அந்தத் தேதிக்குள் அவளுக்கு வேறு இடம் பார்த்துக்கொடுக்க முடிந்தால் கொடுங்கள், உங்களுக்குப் பிடிக்காத பெண் இன்னொருவருக்கு நல்ல குடித்தனக்காரியாக இருக்கலாம், வாடகை மூன்றாம் தேதிக்குள் வருகிறதே.

கேள்வி: அறை பார்க்க ஒருவர் வந்தார். பத்தே நிமிஷத்தில் பிடிக்காமல் போய்விட்டது. ஆனால் பணத்துக்கு நெருக்கடி. என் தோழி, கொடுத்துவிடு, பழகப் பழகச் சரியாகிவிடும் என்கிறாள். கொடுக்கலாமா?

பதில்: பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்றுதானே நம் ஆட்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். உங்கள் தோழி சொல்வதில் பாதி உண்மை. பக்கத்தில் இருப்பவர்கள்தான் சிநேகிதர்களாகிறார்கள் என்பதை ஆய்வாளர்கள் ரொம்ப நாளாகச் சொல்லி வந்தார்கள். 1976-இல் எபசன் என்பவரும் இரண்டு சகாக்களும் கலிபோர்னியாவில் ஒரு குடியிருப்பில் உங்களுக்குப் பிடித்தவர் யார், பிடிக்காதவர் யார் என்று இரண்டையும் கேட்டுப் பார்த்தார்கள். பிடித்தவர்கள் பக்கத்தில் இருந்தார்கள். பிடிக்காதவர்கள் அவர்களைவிடப் பக்கத்தில் இருந்தார்கள். அந்த வெறுப்பு பேசிப் பழகி வந்தது இல்லை, சத்தம், குப்பை என்று அடுத்தவர் செய்வது நம் இடத்தைக் கெடுப்பதால் வந்தது.

அதனால் அந்தப் பத்து நிமிஷத்தில் எது பிடிக்கவில்லை என்று யோசியுங்கள். முகம், பேச்சு, சட்டை என்றால் விடுங்கள், மூன்று வாரத்தில் கண்ணுக்குப் பழகிவிடும். ஆனால் கேட்காமலே அலமாரியைத் திறந்து பார்த்தாரா, நீங்கள் சொன்ன வாடகையை நான்கு தரம் இழுத்தாரா, முன்பிருந்த வீட்டுக்காரர் எண்ணைக் கேட்டதும் மழுப்பினாரா? அப்படியானால் நெருக்கடி எவ்வளவு இருந்தாலும் வேண்டாம். இரண்டுங்கெட்டானாக இருந்தால் ஒரே ஒரு மாதம், வெள்ளோட்டம் என்று எழுதிக் கொடுங்கள், மாதக் கடைசியில் இரண்டு பேரும் சரி என்றால்தான் தொடரும். எத்தனை மணிக்கு எழுவீர்கள், போனில் எங்கே பேசுவீர்கள், கடைசியாக இருந்த இடத்தை ஏன் விட்டீர்கள் என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலைக் கவனமாகக் கேளுங்கள். இதுவரை இருந்த எல்லா வீட்டுக்காரரும் மோசம் என்பவருக்கு அடுத்த மோசமான வீட்டுக்காரர் நீங்கள்தான்.

கேள்வி: குளியலறையை எப்போதும் நான்தான் கழுவுகிறேன். அறை எடுத்திருப்பவரைக் கேட்டால் தான்தான் கழுவுவதாகச் சாதிக்கிறார். பச்சைப் பொய். இப்படிப்பட்டவரோடு எப்படி இருப்பது?

பதில்: பொய் இல்லாமலும் இருக்கலாம். 1979-இல் மைக்கேல் ராஸ், ஃபியோரே சிக்கோலி என்ற இரண்டு உளவியலாளர்கள், கணவனையும் மனைவியையும் தனித்தனியே உட்கார வைத்து வீட்டு வேலையில் உங்கள் பங்கு எவ்வளவு என்று கேட்டார்கள். இரண்டு பேர் சொன்னதையும் கூட்டினால் பெரும்பாலான ஜோடிகளில் நூறு சதவீதத்தைத் தாண்டியது. நாம் கழுவியது நமக்கு நினைவிருக்கும், முதுகு வலித்ததல்லவா. அடுத்தவர் கழுவும்போது நாம் அங்கே இருப்பதில்லை. கதவுக்குப் பின்னால் ஒரு காலண்டரை மாட்டி, கழுவினவர் அந்தத் தேதியில் தன் முதல் எழுத்தைப் போடட்டும். ஒரு மாதம் கழித்து எனக்கு எழுதுங்கள். உங்கள் எழுத்து குறைவாக இருந்தாலும் எழுதுங்கள்.

கேள்வி: நான் மறுபக்கம். அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். வீட்டுக்கார அம்மாவுக்கு என்னைப் பிடிக்கவில்லை என்று நன்றாகத் தெரிகிறது. நான் வந்தால் எழுந்து அறைக்குள் போய்விடுகிறார். என்ன செய்தேன் என்றே தெரியவில்லை.

பதில்: முதல் கடிதத்தைப் படித்துவிட்டு இதைப் படித்தபோது ஒரு நிமிஷம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இரண்டும் ஒரே வீடாக இருக்காது, கடிதங்கள் வந்த இடங்களுக்கு நடுவே நல்ல தூரம். இருந்தாலும் சொல்கிறேன், ஸ்பூனை டிராயரில் போடுங்கள். அப்புறம் நேராகவே கேளுங்கள்: "நான் செய்யறதுல ஏதாவது உங்களுக்குச் சிரமமா இருந்தா சொல்லுங்கம்மா, மாத்திக்கறேன்." ஒன்றுமில்லை என்பார். இரண்டு நாள் கழித்து ஒன்று சொல்வார். அந்த ஒன்றை மட்டும் உடனே மாற்றுங்கள், விளக்கம் சொல்லாதீர்கள். அதற்கப்புறமும் எழுந்து போனால் வேறு அறை பார்க்க ஆரம்பியுங்கள். நீங்கள் தப்பு செய்ததால் இல்லை, வாடகை கொடுத்துக்கொண்டு பூனை மாதிரி நடக்க வேண்டியதில்லை என்பதால்.

கேள்வி: ஒருவழியாகப் பிடிக்காத ஆள் காலி செய்துவிட்டார். மூன்று சாவியில் இரண்டுதான் திரும்பி வந்தது. மூன்றாவது தொலைந்துவிட்டது என்கிறார். அட்வான்ஸை முழுதாகக் கொடுத்துவிட்டேன். கேட்டால் சண்டை வரும். என்ன செய்யட்டும்?

பதில்: கேட்காதீர்கள். பூட்டை மாற்றுங்கள், இன்றைக்கே.